கண்ணுக்குத் தெரியாத விழுப்புண்

இரண்டு பொங்கலுக்கு முன்பு பாலசமுத்திரத்தில் ஒரு கால்பந்துப் போட்டி பார்க்கப் போயிருந்தோம். பழனிக்குத் தெற்கே, மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். சுற்றுவட்டாரத்துப் பையன்கள் தாங்களே வசூல் செய்து நடத்துகிற போட்டி அது. சுண்ணாம்பு தூவிய கோடு, மூங்கில் நட்ட கோல் கம்பம், வாடகைக்கு எடுத்த மைக்செட். எங்களில் ஒருவருக்கு அது சொந்த ஊர். மற்றவர்கள் அவர் வீட்டுப் பொங்கலுக்கு வந்தவர்கள். சாப்பிட்ட களைப்புத் தீர, தென்னந்தோப்பை ஒட்டிய வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடைவேளைக்குப் பிறகு, உயர வந்த பந்துக்கு இரண்டு பையன்கள் ஒரே நேரத்தில் எம்பினார்கள். பந்து யார் தலையிலும் படவில்லை. தலையும் தலையும் மோதிக்கொண்ட சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. ஒருவன் எழுந்துவிட்டான். இன்னொருவன் எழவில்லை. ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்; ஒரு சோடாவை உடைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் போலக் கழித்து அவன் எழுந்து நின்றான். ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. மைக்கில் இருந்தவர் “சிங்கக்குட்டி எந்திரிச்சிட்டான்” என்றார். கூட்டம் கைதட்டியது. நாங்களும் தட்டினோம்.

அவன் ஆடினான். சும்மா ஆடவில்லை, கடைசி நேரத்தில் ஒரு கோலும் அடித்தான். அந்தக் கோலால்தான் அவன் அணி வென்றது. தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார்கள். பிறகு எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கள் நண்பரைப் பார்த்து, “இப்ப எத்தனைக்கு எத்தனைங்கண்ணா?” என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்துச் சிரித்தோம். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோதுதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது.

அன்றிரவு வாந்தி எடுத்ததும் பழனிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறிவோ ரத்தக்கசிவோ இல்லை. சில வாரங்களில் தேறிவிட்டான். பயப்படும்படி ஏதும் நடக்கவில்லை என்று விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் கைதட்டியது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. எதற்குக் கைதட்டினோம் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

இது ஒரு கிராமத்துத் திடலின் அறியாமை மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2014 ஜூலை 13 அன்று ரியோ டி ஜெனீரோவில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி ஆட்டக்காரரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்து தொடர்ந்து ஆடினார். சற்று நேரம் கழித்து நடுவர் நிக்கோலா ரிஸோலியிடம் போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டார். நடுவருக்கும் முதலில் அது வேடிக்கையாகவே பட்டது. 31ஆம் நிமிடத்தில்தான் கிராமரை வெளியே அழைத்தார்கள். உலகத்தின் தலைசிறந்த மருத்துவர்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த போட்டியில், மூளை அதிர்ந்த ஒருவர் ஏறத்தாழ 14 நிமிடம் ஆடியிருக்கிறார். கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலசமுத்திரத்துப் பையன் கேட்டதும் கிராமர் கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்வி.

ஏன் அடிபட்டவன் எழுந்து ஆடினால் நமக்கு உடல் சிலிர்க்கிறது? அது நம் ரத்தத்தில் ஊறிய விஷயம் என்றுதான் சொல்ல வேண்டும். போரில் விழுப்புண் படாத நாட்களை வீரன் வீணான நாட்களின் கணக்கில் வைப்பான் என்பது திருக்குறளின் ‘படைச்செருக்கு’ அதிகாரம் சொல்லும் கருத்து. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறப்பாட்டில் வரும் தாய், மகன் முதுகில் புண்பட்டானா மார்பில் புண்பட்டானா என்று அறியப் பிணங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போகிறாள். புண் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. புண் கண்ணுக்குத் தெரிவது என்பது அங்கே சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. கண்ணுக்கே தெரியாத ஒரு புண்ணை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் பாட்டும் இல்லை, பழமொழியும் இல்லை.

நவீன இந்தியாவுக்கும் இப்படி ஒரு புறப்பாட்டு உண்டு. அது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்திய அணி, அடுத்து தாய்லாந்தை வென்றது. அந்த ஆட்டத்தில்தான் பின்கள ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை ஒதுக்கி வைக்கவில்லை. பின்களத்திலிருந்து எடுத்து முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் ஜர்னைல் சிங் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதிப் போட்டியில், இந்தியாவின் மேல் கோபமாக இருந்த பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். தையல் போட்ட அந்தத் தலையோடு ஆடி அடித்த கோல் அது. கோல் கம்பத்துக்குக் கீழே பீட்டர் தங்கராஜ் நின்றார். 2-1. தங்கப் பதக்கம். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

2024இல் வந்த ‘மைதான்’ திரைப்படம் இந்தக் கதையைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுவந்தது. நாங்களும் பார்த்தோம். நெகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. புற்றுநோய் தின்றுகொண்டிருந்த உடலோடு நின்ற ரஹீமும், அடிபட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் யாரையும் அசைத்துவிடுவார்கள். ரஹீம் அடுத்த ஆண்டே, 1963 ஜூனில், மறைந்தார். ஜர்னைல் சிங் 2000ஆம் ஆண்டு கனடாவில் காலமானார்.

இந்தக் கதையைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. அன்று அறிவியல் அவ்வளவுதான் சொல்லியிருந்தது. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரரை இறக்கும் முறை 1970இல்தான் வந்தது. அடிபட்டவர் வெளியேறினால் அணி 10 பேரோடு ஆட வேண்டும் என்பதே அன்றைய நிலை. அதே 1962 மார்ச்சில் பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கிரிக்கெட் அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு உயிர் பிழைத்தார். ஆனால் டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு தலைகள். ஒன்றை நாம் துயரமாக நினைவு வைத்திருக்கிறோம், மற்றதை வீரமாக. ஒருவரது காயம் மண்டையோட்டை உடைத்தது, மற்றவரது காயம் தையலோடு முடிந்ததாகத் தோன்றியது. இந்தப் பகுப்பு சரிதானா என்பதே நம் கேள்வி.

மூளை எப்படி அடிபடுகிறது என்பதைப் பாலசமுத்திரம் பக்கத்தில் விளக்குவது சுலபம். தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம் அல்லவா? ஓடு அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பது அலம்புகிறது. மண்டையோட்டுக்குள் மூளையும் ஒரு நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தலை சட்டென்று நிற்கும்போதோ, சட்டென்று திரும்பும்போதோ, மூளை கொஞ்சம் தாமதமாக நிற்கிறது, தாமதமாகத் திரும்புகிறது. அந்தத் தாமதத்தில் மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன, முறுக்கப்படுகின்றன. இதுதான் மூளை அதிர்வு. ஓடு உடைய வேண்டியதில்லை. ரத்தம் வர வேண்டியதில்லை. பெரும்பாலான மூளை அதிர்வுகளில் நினைவு தப்புவதுகூட இல்லை. சாதாரண ஸ்கேன் படத்தில் இது தெரிவதில்லை. தலைவலி, குமட்டல், கேட்டதையே கேட்பது, வெளிச்சம் கூசுவது, காரணமில்லாத எரிச்சல் என்று ஆளின் நடத்தையில்தான் தெரியும்.

ஒரு முறை அதிர்ந்த மூளை ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுகிறது. ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, தேறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுவது. இது அரிது, ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு இதனால் மூளை திடீரென வீங்கி உயிர் போயிருக்கிறது. 2011இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்ட பிறகும் திரும்பத் திரும்ப ஆட விடப்பட்டு இறந்துபோனான். இரண்டாவது வழி மெதுவானது. அதிர்வு என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லாத சிறு சிறு இடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு மூளையைச் சிதைக்கின்றன. நரம்பிழைகளைத் தாங்கி நிற்க வேண்டிய டௌ என்னும் புரதம் உருக்குலைந்து திட்டுத் திட்டாகப் படிகிறது. குத்துச்சண்டைக்காரர்களிடம் இதன் அறிகுறிகளை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதினார். இன்று இதைச் சி.டி.இ. என்கிறார்கள். இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தே இதை உறுதிசெய்ய முடியும்.

குத்துச்சண்டையில் தலையில் அடிப்பதுதான் ஆட்டம். கால்பந்தில் அப்படி இல்லையே என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை உடைத்தவர் ஜெஃப் ஆஸ்டில் என்ற ஆங்கிலேயர். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள ஆட்டக்காரர். பந்தைத் தலையால் முட்டுவதில் பெயர் பெற்றவர். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். ஆஸ்டில் ஐம்பதுகளிலேயே மறதி நோய்க்கு ஆளாகி, தான் கால்பந்து ஆடியவர் என்பதையே மறந்து, 2002 ஜனவரியில் 59ஆம் வயதில் இறந்தார். அவருடைய மரணத்தை விசாரித்த அதிகாரி, அதை ‘தொழில் நோய்’ என்று பதிவு செய்தார். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் நிலக்கரித் தூசு படிவதைப் போல, கால்பந்து ஆட்டக்காரரின் மூளையில் பந்து படிந்திருக்கிறது என்று பொருள். 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் ஆஸ்டிலின் மூளையை மறுபடி ஆராய்ந்து, அது சி.டி.இ. என்றார். 1958இல் பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்த அணித்தலைவர் பெல்லினிக்கும், அதே 2014இல் அவர் இறந்த பிறகு, அதுவே உறுதியானது. 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நோபி ஸ்டைல்ஸ், சார்ல்டன் சகோதரர்கள் இருவர் என்று ஐந்து பேர் மறதி நோய்க்கு ஆளாகி மறைந்தார்கள்.

ஐந்து பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதியவர்களுக்கு மறதி வருவது இயல்பு என்று அப்போதும் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். அதற்கான பதில் 2019இல் வந்தது. ஸ்டூவர்ட்டின் குழு ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,676 முன்னாள் ஆட்டக்காரர்களை, அதே வயதும் அதே வாழ்நிலையும் கொண்ட 23,028 பேரோடு ஒப்பிட்டது. நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 2021இல் அதே குழு ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. அதிகமாகத் தலையால் முட்டும் பின்கள ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. கோல் கீப்பர்களுக்கோ மற்ற மனிதர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் இல்லை. 2023இல் ஸ்வீடனில் 6,007 ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில் மடங்கு ஒன்றரையாகக் குறைந்தது. ஆனால் அங்கும் கோல் கீப்பர்கள் தப்பித்தார்கள். ஒரே உணவு, ஒரே பயிற்சி, ஒரே பேருந்து. கையால் பந்தைப் பிடிக்க அனுமதி பெற்றவருக்கு மட்டும் நோய் கூடவில்லை என்றால், சந்தேகம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பி.கே. பானர்ஜி 2020 மார்ச்சில் காலமானபோது அவருக்குப் பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் இருந்ததாகச் செய்திகள் சொன்னன. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியின் தலைவர் சமர் ‘பத்ரு’ பானர்ஜி 2022இல் 92 வயதில் மறைந்தபோது அல்ஸைமர் நோய் இருந்ததாகச் சொன்னார்கள். இவற்றுக்குப் பந்துதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பிழை. இந்த நோய்கள் பந்தையே தொடாதவர்களுக்கும் வருகின்றன. நாங்கள் சொல்வது வேறு. ஸ்காட்லாந்தில் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. ஏனென்றால் அங்கே ஒருவர் எதனால் இறந்தார் என்பது எழுதி வைக்கப்படுகிறது. ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை மரணப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் 2020ஆம் ஆண்டு பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் காரணமில்லாமல் இறந்துபோகிறார்கள்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். தாத்தா பேரனின் பெயரை மறந்தால் ‘வயசாயிடுச்சு’ என்கிறோம். சோறு தின்றுவிட்டு ‘இன்னும் சோறு போடல’ என்று சண்டை பிடித்தால் ‘புத்தி பெசகிடுச்சு’ என்கிறோம். கை நடுங்கினால் ‘நரம்புத் தளர்ச்சி’. நோய்க்குப் பெயரே வைக்காதபோது அதற்குக் காரணம் தேடுவது எங்கே? இளவயதில் மாவட்டத்துக்கு ஆடினார், ரயில்வேக்கு ஆடினார், போலீஸ் அணிக்கு ஆடினார் என்று பழைய கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிற வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அலமாரியில் இருக்கிற கோப்பைக்கும் கட்டிலில் இருக்கிற மனிதருக்கும் தொடர்பு இருக்குமோ என்று அந்த வீட்டில் யாரும் மருத்துவரிடம் கேட்பதில்லை. மருத்துவரும் ‘இவர் என்ன விளையாடினார்’ என்று கேட்பதில்லை.

இங்கே எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். கிராமத்துப் பையன்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரரின் கணக்கு அவர்களுக்குப் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது. ஸ்காட்லாந்து ஆய்விலும் நரம்புச் சிதைவு நோயை முதற்காரணமாகக் கொண்டு இறந்த ஆட்டக்காரர்கள் 1.7 சதவீதம்தான், ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் அது 0.5 சதவீதம். அந்த ஆய்வே இன்னொன்றையும் சொல்கிறது. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பவர்கள் ஆட்டக்காரர்களில் குறைவு. 70 வயது வரைக்கும் அவர்களுடைய மொத்த இறப்பு விகிதமே மற்றவர்களைவிடக் குறைவு. ஆகவே பையன்களைத் திடலிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டுக் கைபேசியைக் கொடுப்பது தீர்வாகாது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட நாட்டில் ஓடி ஆடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்துபவன் அவனுக்கு நன்மை செய்யவில்லை. ஆடட்டும். நன்றாக ஆடட்டும். தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளட்டும்.

பந்து இப்போது நனைவதில்லையே என்பது இன்னொரு வாதம். உண்மை. ஆனால் உலர்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான், 410 முதல் 450 கிராம் வரை. வேகம் கூடியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, தலையும் தலையும் மோதுவதைப் புதிய பந்து தடுக்காது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015இல் 10 வயதுக்கு உட்பட்டவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்றது. 2020இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை நீக்கின. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே பயிற்சியில் பலமான முட்டல் வாரத்துக்கு 10 போதும் என்று 2021இல் இங்கிலாந்தில் வழிகாட்டினார்கள். ஆட்டத்தின் உலக விதிகளை வகுக்கும் அமைப்பு, மூளை அதிர்ந்தவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்பதை 2024 ஜூலை முதல் விதியிலேயே சேர்த்தது. தொடரை நடத்துபவர்கள் விரும்பினால் பின்பற்றலாம். அமெரிக்காவில் 2009இல் வாஷிங்டன் மாகாணம், மூளை அதிர்வு என்று சந்தேகப்பட்டாலே மாணவனை ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், மருத்துவச் சான்றில்லாமல் திரும்ப விடக்கூடாது என்று சட்டம் போட்டது. 2014க்குள் ஐம்பது மாகாணங்களிலும் அத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. கிரிக்கெட்டும் பாடம் படித்துக்கொண்டது. 1998இல் டாக்காவில் தலைக்கவசம் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகே நின்ற ரமன் லாம்பாவை இழந்தோம். 2014இல் ஆஸ்திரேலியாவின் பில் ஹியூஸ் போனார். 2019இல் தலையில் அடிபட்டவருக்கு மாற்றாக இன்னொருவரை இறக்கும் முறை சர்வதேச கிரிக்கெட்டுக்கு வந்தது.

இதெல்லாம் வெளிநாட்டு ஏற்பாடு, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், ஜல்லிக்கட்டைப் பாருங்கள் என்பதே. 2017க்குப் பிறகு விதிகளோடு நடக்கிற ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. வாசலில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் நின்றால்தான் காளை அவிழும். இதே திண்டுக்கல் மாவட்டத்தில், இதே பொங்கல் மாதத்தில் இது நடக்கிறது. காளைக்குக் கொம்பு இருப்பது நமக்குத் தெரிகிறது. ஆகவே முன்னேற்பாடு செய்கிறோம். இன்னொரு பையனின் தலைக்குக் கொம்பில்லை என்பதால், பக்கத்துத் திடலில் ஒரு முதலுதவிப் பெட்டிகூட இல்லாமல் போட்டி நடத்துகிறோம்.

எல்லா ஊரிலும் ஆம்புலன்ஸ் நிறுத்த முடியாதுதான். ஆனால் சில விதிகளுக்குப் பணமே வேண்டாம். 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘ஹெட்’ அடிக்கக் கற்றுத்தர வேண்டாம்; காலால் ஆடக் கற்றுக்கொள்வதற்கே அந்த வயது போதாது. தலையில் அடிபட்டுத் தடுமாறினால், வாந்தி வந்தால், கேட்டதையே கேட்டால், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. அவன் சரியாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் முடிந்தது. ஏனென்றால் அதைச் சொல்கிற உறுப்புதான் அடிபட்டிருக்கிறது. இரவில் தனியாகப் படுக்க விடாமல் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தலைவலி கூடினாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முழுதாகத் தேறி, மருத்துவர் சொன்ன பிறகே திடலுக்குத் திரும்ப வேண்டும். ஓர் ஆட்டக்காரரை வெளியே எடுக்கும் அதிகாரம் பி.டி. வாத்தியாருக்கோ நடுவருக்கோ முழுமையாக இருக்க வேண்டும். பரிசுப் பணம் கொடுத்தவர் அதில் தலையிடக் கூடாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும், விதிகளால் மட்டும் இது நடந்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. கிராமரைக் காப்பாற்ற ரியோவில் அறிவுக்கோ ஆட்களுக்கோ பஞ்சமில்லை. ஆயினும் அவர் ஆடினார். காரணம், எழுந்து நிற்பவனைத்தான் நாம் விரும்புகிறோம். படுத்திருப்பவனையோ, கைத்தாங்கலாக வெளியேறுபவனையோ நாம் கதையாகச் சொல்வதில்லை. கதை சொல்கிறவர்களுக்கும் கதை கேட்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இலக்கியம் படிக்கிற நாம் போரைப் பற்றி, சாதியைப் பற்றி, பசியைப் பற்றியெல்லாம் பழைய வீரக் கதைகளைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டோம். போர்க்களத்திலிருந்து வீடு திரும்பியவன் இரவில் அலறி எழுவதை எழுதிய பிறகுதான் போரின் கதை முழுமை பெற்றது. விளையாட்டின் கதையை மட்டும் இன்னும் கோப்பையைத் தூக்குகிற காட்சியோடு முடித்துக்கொண்டிருக்கிறோம். நாற்பது வருடம் கழித்து வரும் அத்தியாயத்தை எழுத ஆளில்லை. ஜர்னைல் சிங்கின் தலையைக் கொண்டாடுவதில் தவறில்லை. அந்தத் தலைக்கு அன்று வேறு வழி இல்லாதிருந்தது, இன்று வழி இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் அது தவறு.

பாலசமுத்திரத்துப் பையனை இந்தப் பொங்கலுக்குப் பார்த்தோம். நன்றாக இருக்கிறான், பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் அடித்த கோலை எங்கள் நண்பர் கைகால்களை ஆட்டி நடித்துக் காட்டினார். ஊரில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பையன் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, “எனக்கு அது ஞாபகத்துல இல்லீங்ண்ணா. எல்லாரும் சொல்றாங்க, நல்லா அடிச்சேன்னு” என்றான்.

அவனைத் தவிர அந்தத் திடலில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கோல் ஞாபகமிருக்கிறது. அவன் விழுந்து எழுந்தபோது கைதட்டாமல், தோளைப் பிடித்துத் தென்னை நிழலில் உட்கார வைத்து, வேறொரு பையனை உள்ளே அனுப்பியிருந்தால் அந்தக் கோல் இருந்திருக்காது. ஒருவேளை அவன் அணி தோற்றிருக்கும். தோற்றிருக்கலாம் என்றே இப்போது நினைக்கிறோம். அடுத்த முறை ஒரு பையன் தள்ளாடிக்கொண்டே கோட்டுக்கு வெளியே வரும்போது, முதலில் எழுந்து கைதட்டுவது நாமாக இருக்க வேண்டும்.